கறுத்த நெல்லைக் கொட்டச் சொன்ன டாக்டரம்மா

செய்தி வந்தபோது நான் ஓர் ஆட்டின் வாயைப் பிளந்து பிடித்துக்கொண்டிருந்தேன். குடற்புழு மருந்து ஊற்றும் நேரம். மேஜைமேல் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் அமலாவின் பெயர். டாக்டர் எஸ்தரின் தங்கை அவள். மருத்துவமனையில் அக்காவின் பக்கத்தில் இருப்பவள் அந்த நேரத்தில் அழைக்கிறாள் என்றாலே விஷயம் தெரிந்துவிட்டது. ஆனாலும் மருந்தை முழுவதும் ஊற்றி, ஆட்டை இறக்கி விட்டுவிட்டுத்தான் எடுத்தேன். பாதியில் விட்டிருந்தால் டாக்டரம்மா என்னைத் திட்டியிருப்பார்.

"வடிவக்கா, அக்கா போயிட்டாங்க" என்றாள்.

ஆட்டைக் கொண்டுவந்தவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். யார் என்று கேட்டார். சொன்னேன். வாலாஜாபாத் வட்டாரத்தில் மாடு வைத்திருக்கும் யாருக்கும் டாக்டர் எஸ்தரைத் தெரியாமல் இருக்காது. அவரும் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாம்மா நோவு?" என்றார். கல்லீரலில் புற்றுநோய் என்றேன். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "கல்லீரலா? டாக்டரம்மா குடிப்பாங்களா?"

அந்த ஆளை நான் ஒன்றும் செய்யவில்லை. ஆட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்து வெளியே போகச் சொன்னேன். ஆனால் சாயங்காலத்துக்குள் அதே பேச்சைப் பேருந்தில் கேட்டேன், டீக்கடையில் கேட்டேன், செவிலிமேட்டில் அவர் வீட்டு வாசலில் பந்தல் போட வந்தவர்கள் வாயிலும் கேட்டேன். கல்லீரல் என்றதும் நம் ஊருக்கு ஞாபகம் வருவது பாட்டில் மட்டும்தான். மறுநாள் அது கேள்வியாகக்கூட இல்லை. "தனியா இருந்த பொம்பள, யாருக்குத் தெரியும்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். அஞ்சலி என்றால் அமைதியாக எழுத வேண்டும், இறந்தவரைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு அமைதி இல்லை. அவரோடு வேலை பார்த்த யாரையும் அவர் அமைதியாக இருக்க விட்டதும் இல்லை.

டாக்டர் எஸ்தர் தென்னேரிக்காரர். அவருடைய பெற்றோருக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. அப்பா அடுத்தவர் வயலில் ஏர் ஓட்டினார். அம்மாவுக்கு வாலாஜாபாத் பக்கம் ஓர் அரிசி மில்லின் களத்தில் நெல் காயவைக்கும் வேலை. இவர் அரசுப் பள்ளியில் படித்து, விடுதியில் தங்கிப் படித்து, கால்நடை மருத்துவரானார். ஊர் மாடுகளுக்கு வைத்தியம் பார்க்க வந்தபோது சில வீடுகளில் தொழுவத்துக்குப் பின்வழியாக வரச் சொன்னார்கள். "மாடு முன்னாடி வாசல்ல கட்டியிருந்தா நான் முன்னாடி வாசல்ல வருவேன். இல்லைன்னா மாட்ட ஆஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிக்கினு வாங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பிவிடுவார். மாடு கன்று போட முடியாமல் தவிக்கும்போது எந்த வாசல் என்று யாரும் பார்ப்பதில்லை. அதுவும் அவருக்குத் தெரியும்.

நான் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் வீட்டில் பிறந்தவள். தறியில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்துக் கால்நடை ஆய்வாளர் பயிற்சிக்குப் போனேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கால்நடை மருந்தகத்தில் போய் நின்றபோது டாக்டரம்மா என் கையைப் பார்த்தார்.

"பட்டு வீட்டுக் கை. இத வெச்சு மாட்டுக்குள்ள கை வுடுவியா, இல்ல சோப்பு போட்டுக் கழுவிக்கினே நிப்பியா?"

"பாவுல அறுந்த இழைய தேடிப் புடிச்சு முடிச்சு போடற கை மேடம். கன்னுக்குட்டி கால புடிக்காதா?" என்றேன்.

மருந்தகமே அதிரும்படி சிரித்தார். அன்றிலிருந்து நாங்கள் சேர்ந்துதான் சுற்றினோம். குள்ளமான உருவம், வேகமான நடை, அதைவிட வேகமான வாய். கன்றை இழுக்கும்போது ஞானப்பாட்டு ஒன்றைச் சத்தமாகப் பாடுவார். சுருதி எங்கேயோ, பாட்டு எங்கேயோ. அதைக் கேட்டுப் பயந்துதான் மாடு சீக்கிரம் ஈன்றுவிடுகிறது என்று நான் கிண்டல் செய்வேன். "கர்த்தர் காதுல வுழுந்தா போதும், உன் காதுக்கா பாடறேன்?" என்பார்.

கறுத்த நெல் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு தை மாதம். அறுவடை நேரத்தில் மழை விடாமல் பெய்து ஓய்ந்திருந்தது. தென்னேரி ஏரிக்கரையில் வாத்து மேய்க்கும் ஏழுமலை மருந்தகத்துக்கு ஓடிவந்தார். குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. சிலர் பறவைக் காய்ச்சல் என்றார்கள். சிலர் கண்ணேறு என்றார்கள். நாங்கள் போனபோது கரையில் குஞ்சுகள் கழுத்தை முறுக்கிக்கொண்டு கிடந்தன. டாக்டரம்மா ஒன்றை எடுத்து, ஒரு பாறைமேல் வைத்து அறுத்தார். கல்லீரல் வீங்கி, மஞ்சள் பாரித்து, அங்கங்கே ரத்தப் புள்ளியோடு இருந்தது.

"இன்னா தீனி போட்ட?" என்று கேட்டார்.

ஏழுமலை ஒரு சாக்கைக் கொண்டுவந்து அவிழ்த்தார். நெல். பாதிக்கு மேல் கறுத்தும் பச்சை பூத்தும் கிடந்தது. மக்கிய வாடை. டாக்டரம்மா ஒரு பிடி எடுத்து முகர்ந்துவிட்டு, உடனே கையைத் தட்டிக் கழுவினார்.

"எங்க வாங்குன?"

"வாங்கலம்மா. மில்லுல சும்மாதான் குடுத்தாங்க. களத்துல வேல செய்ற பொம்பளைங்களுக்குக் குடுத்தது போக மிச்சம் இருந்துச்சு."

"பொம்பளைங்களுக்குக் குடுத்தது போக" என்று டாக்டரம்மா ஒருமுறை திரும்பச் சொன்னார். பிறகு சாக்கின் வாயைக் கட்டி ஸ்கூட்டரில் ஏற்றினார்.

நெல்லையும் குஞ்சின் கல்லீரலையும் பரிசோதனைக்கு அனுப்பினோம். பூஞ்சை நஞ்சு அளவுக்கு மேல் இருப்பதாகப் பதில் வந்தது. படிக்காதவர்களுக்கும் படித்தவர்களுக்கும் அவர் இதை ஒரே மாதிரிதான் விளக்குவார். ஈர நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே சூடேறும். சூட்டிலும் ஈரத்திலும் பூசணம் பிடிக்கும். "கண்ணுக்குத் தெரியற பூசணத்தக் கழுவிடலாம்பா. அது உள்ள கக்கி வெச்ச விஷம் கழுவினாலும் போவாது, வெயில்ல காய வெச்சாலும் போவாது, சோறா வடிச்சாலும் போவாது. வாத்துக்குஞ்சு சின்ன உசுரு, ஒரு வாரத்துல காட்டிக் குடுத்துடும். மனுசன் தாங்குவான். வருசக்கணக்கா தாங்கிக்கினே இருப்பான், ஒரு நாள் தாங்க மாட்டான்."

அந்த மில்தான் அவருடைய அம்மா வேலை பார்த்த மில். முதலாளியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தக் கட்டுரை அவரைப் பற்றியதாகிவிடும், அந்த மரியாதைக்கு அவர் தகுதியில்லை. நாங்கள் போனபோது களத்தின் நடுவே நெல் மலையாகக் குவிந்து, தார்ப்பாய்க்குள் இருந்தது. டாக்டரம்மா தார்ப்பாயைத் தூக்கி முழங்கைவரை கையை விட்டார். என் கையையும் பிடித்து உள்ளே இழுத்தார். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது.

மழை பெய்தால் இப்படி ஆவது இயற்கை. அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு நடப்பதுதான் இயற்கை இல்லை. குவியலில் கெடாமல் தப்பிய நல்ல நெல் அரவைக்குப் போகும். அடியிலும் ஓரத்திலும் கறுத்துப்போனதைப் பெண்கள் முறத்தால் பிரித்து ஒதுக்குவார்கள். அப்படி ஒதுக்கியது களத்து நெல் என்ற பெயரில் அவர்களுக்கே கூலிக்கு மேலாகப் பங்கிட்டுத் தரப்படும். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. பெண்கள் அதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

"டாக்டரம்மா, நானா சாப்பிடச் சொல்றேன்?" என்றார் முதலாளி. நாற்காலி போட்டு, குளிர்பானம் வரவழைத்து, சிரித்த முகமாகத்தான் பேசினார். "அவங்களே கேட்டு வாங்கிக்கினு போறாங்கோ. வேணாம்னு சொன்னா மனசு கஷ்டப்படுவாங்க. ஏழைங்க வயித்துல அடிச்ச பாவம் எனக்கு எதுக்கு?"

"குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் பொதைச்சுடுங்க சார். அவங்களுக்குத் தர்றதா இருந்தா நல்ல நெல்லுல தாங்க. நான் கேக்கறது அவ்ளோதான்."

"நெல்லப் பொதைக்கறதா? லட்சுமிம்மா அது. நீங்க வேற சாமி கும்பிடறவங்க, உங்களுக்குத் தெரியாது."

நெல்லைப் பற்றித் தெரியாதாம். அந்தக் களத்துப் புழுதியில் தவழ்ந்து வளர்ந்தவரைப் பார்த்து, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார். டாக்டரம்மா குளிர்பானத்தைத் தொடாமல் எழுந்து வந்தார்.

அதன் பிறகு அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஓரிடத்தில், மனிதர்கள் சாப்பிடுவதைப் பற்றிக் கால்நடை மருத்துவர் ஏன் பேசுகிறார் என்று கேட்டார்கள். இன்னோரிடத்தில், விற்கிற பொருளென்றால்தான் நாங்கள் வர முடியும், இது சும்மா கொடுப்பது என்றார்கள். விற்றால் குற்றம், தர்மம் செய்தால் புண்ணியம். ஒரே நெல், ஒரே நஞ்சு. அந்த அதிகாரியிடம் டாக்டரம்மா, "உங்க வீட்டுக்கு ஒரு மூட்டை சும்மா குடுக்கச் சொல்லட்டுமா சார்?" என்று கேட்டார். நாங்கள் வெளியே அனுப்பப்பட்டோம்.

முதலாளியையும் அதிகாரிகளையும்விட அவரைத் தோற்கடித்தவர்கள் களத்துப் பெண்கள்தான். வாத்துகள் செத்த கதை ஊரெல்லாம் பரவியது. மாடு வைத்திருந்தவர்கள் டாக்டரம்மா சொன்னதைக் கேட்டார்கள். கறுத்த நெல்லையும் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தையும் மாட்டுக்கு வைப்பதை நிறுத்தினார்கள். மாடு பால் வற்றினால் கண்ணுக்குத் தெரியும். வாத்துக்குப் போடுவதும் நின்றது. அப்படியானால் களத்து நெல்லை என்ன செய்வது? மாட்டுக்கும் போடக்கூடாது, வாத்துக்கும் போடக்கூடாது, அரிசியைக் குப்பையில் கொட்டவும் கூடாது. வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சோறாக்கினார்கள். அதுவரை வாத்துக்குப் போய்க்கொண்டிருந்த பங்கும் சேர்ந்து மனிதர் வயிற்றுக்கே போயிற்று.

இது தெரிந்த அன்று டாக்டரம்மா மருந்தகத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு நேராகக் களத்துக்குப் போனோம். பெண்களில் மூத்தவர் கன்னியம்மா. டாக்டரம்மாவின் தாயோடு சேர்ந்து நெல் தள்ளியவர். அவர் டாக்டரம்மாவை எஸ்தரு என்றுதான் கூப்பிடுவார்.

"சோத்த எப்படி எஸ்தரு கொட்றது? கை வருமா?" என்றார் கன்னியம்மா.

"மாட்டுக்கு வெக்காதன்னு சொன்னா கேக்கறீங்க இல்ல?"

"மாடு வாயில்லாத ஜீவன். நாம கழுவி, அலசி, அவிச்சுத்தான திங்கறோம். கொஞ்சம் கசக்கும். புளிய தூக்கலாப் போட்டாத் தெரியாது."

"கசக்கறது விஷம் அத்த."

"அட போ எஸ்தரு. விஷம்னு தெரிஞ்சா முதலாளி குடுப்பாரா? நல்ல மனுசன். நம்ம வூட்டு விசேசத்துக்கெல்லாம் வந்து நிக்கறவரு. அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நீ படிச்சுப்புட்டு பயமுறுத்தற."

ஒவ்வோர் ஆண்டும் மழைக்குப் பிறகு களத்துக்குப் போவார், கத்துவார், கெஞ்சுவார், தோற்றுத் திரும்பி வருவார். நெல்லைக் கொட்டச் சொல்லும் இவரே கீழே சிந்திய ஒரு பருக்கையைப் பார்த்தால் குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "நீங்களே இப்படி, அப்புறம் அவங்கள சொல்றீங்க" என்று கேட்டிருக்கிறேன். "எங்கம்மா கை பழக்கிவிட்டது வடிவு. கைய வெட்டிக்கவா?" என்றார்.

அவருடைய அம்மா வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி இறந்தவர். டாக்டரம்மா அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். களத்து நெல்லைப் பல தண்ணீரில் கழுவி, கழுவிய தண்ணீர் தெளிந்த பிறகு உலையில் போட்டு, பிள்ளைகளுக்கு ஊட்டியவர் அந்த அம்மா. "அதனாலதான் செத்தாங்களா மேடம்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அவர் வெகுநேரம் யோசிக்கவில்லை. "தெரியாது. எத்தனையோ காரணம் இருக்கலாம். நிரூபிக்க முடியாது வடிவு. நிரூபிக்க முடியாதுங்கறதுதான் அந்த மில்லுக்காரனுக்கு வசதி" என்றார்.

ஆகவே நானும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் எஸ்தருக்குப் புற்றுநோய் வந்தது சிறுவயதில் தின்ற அந்தச் சோற்றால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. அவருக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கும் தெரியாது. தெரியாததைச் சொல்லக்கூடாது என்று அவரிடம்தான் கற்றேன். ஆனால் அவர் குடித்தார் என்று சொல்கிறவர்களுக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

மருத்துவமனையிலும் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அவர்கள் கேட்க வேண்டியது, கேட்டார்கள். கட்டிலில் எலும்பாகப் படுத்திருந்த டாக்டரம்மா, "எங்க சர்ச்சுல போதகர் ஐயரு குடுக்கற திராட்சரசம் கணக்குல வருமா டாக்டர்? அதுவும் ஒரு சொட்டுதான் தருவாரு" என்றார். அந்த இளம் மருத்துவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த வருசமும் மழ அதிகம் வடிவு. களத்துக்கு ஒரு நட போய்ட்டு வா." அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அடக்கத்துக்கு முதலாளி வந்தார். பெரிய மாலை. வழிநெடுக டாக்டரம்மாவின் படம் போட்ட பதாகை, அதன் மூலையில் இவர் கும்பிட்டபடி. ஏழைகளின் தோழிக்கு ஆழ்ந்த இரங்கல் என்று எழுதியிருந்தது. கூட்டத்தில் நின்று யாரிடமோ, "கல்லீரல்தானாமே, நம்ம கையில இன்னா இருக்குது" என்று அவர் பெருமூச்சு விட்டதை என் காதால் கேட்டேன். அந்தப் பெருமூச்சில் எல்லாம் அடங்கிவிட்டது. கறுத்த நெல்லைப் பற்றி இனி யார் பேசினாலும், குடித்துச் செத்த பெண் சொன்னது என்று ஆகிவிடும். கல்லறைத் தோட்டத்தில் அவரை நான் அறைந்துவிடாமல் இருந்ததற்கு அமலா என் தோளைப் பிடித்திருந்ததுதான் காரணம்.

முப்பதாம் நாள் நினைவு ஜெபம். தென்னேரியில் அமலாவின் வீட்டில் சாப்பாடு ஏற்பாடாகியிருந்தது. களத்துப் பெண்கள் எல்லாரும் சமைத்துக் கொடுக்க முன்னதாகவே வந்துவிட்டார்கள். போதகர் வருவதற்கு முன்பு மில் வண்டி வந்தது. முதலாளி அன்னதானத்துக்கு அரிசி மூட்டைகள் அனுப்பியிருந்தார். அமலாவின் முகம் சிவந்துவிட்டது. "எடுத்துக்கினு போகச் சொல்லுங்கக்கா. அக்கா பேர்ல இந்த விஷத்தப் போடணுமா?" என்றாள். நானும் வண்டிக்காரரைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தேன்.

"இரு, இரு" என்றார் கன்னியம்மா. ஒரு மூட்டையைப் பிரித்து, களத்தில் செய்வதுபோலவே முழங்கைவரை கையை விட்டார். ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். அடுத்த மூட்டையையும் பிரித்தார். அதற்கடுத்ததையும் பிரித்தார். மற்ற பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள்.

"சில்லுனு இருக்குது" என்றார். "ஒரு கறுப்பு இல்ல. ஒரு நொய் இல்ல. பழைய அரிசி, மல்லிப்பூ மாதிரி இருக்குது."

நானும் பார்த்தேன். உண்மைதான். அத்தனையும் முதல் தரம். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. கெட்ட அரிசியாக இருந்திருந்தால் திருப்பி அனுப்பிவிட்டுத் திட்டுவது எவ்வளவு சுலபம்.

கன்னியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கையில் அந்த ஒரு பிடி அரிசி. "இத்தன வருசமா அவருக்குத் தெரியாதுன்னுதான நெனச்சுக்கினு இருந்தோம்" என்றார். பிடியைத் திறந்து அரிசியைப் பார்த்தார். "ஊரு பூரா வந்து திங்கற எடத்துக்கு எத அனுப்பணும்னு தெரிஞ்சிருக்குது. நமக்கு எத அனுப்பணும்னும் தெரிஞ்சிருக்குது. ஐயோ எஸ்தரு, நீ சொன்னியே. தொண்ட கிழியச் சொன்னியே."

டாக்டரம்மா ஆண்டுக்கணக்கில் கத்தியும் புரியவைக்க முடியாததை முதலாளியே ஒரு வண்டி நல்ல அரிசி அனுப்பிப் புரியவைத்துவிட்டார். அந்த அரிசியைச் சமைத்தோம். எல்லாரும் சாப்பிட்டோம். சோறு நன்றாக இருந்தது. அது தொண்டையில் இறங்கியபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

இரண்டொரு நாளில் இந்த ஆண்டுக் களத்து நெல் பங்கிட்டார்கள். டாக்டரம்மா சொன்னபடி நான் போயிருந்தேன். பெண்கள் வழக்கம்போல் வரிசையில் நின்று தங்கள் பங்கை வாங்கிக்கொண்டார்கள். கும்பிடவில்லை. வாங்கிய மூட்டைகளைத் தலையில் ஏற்றி, களத்து வேலிக்கு வெளியே புறம்போக்கு நிலத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே விடியற்காலையிலேயே ஒரு குழி வெட்டி, பக்கத்தில் சுண்ணாம்பு கொண்டுவந்து வைத்திருந்தார்கள். முதலாளியின் பெரிய குவியலைத் தொட அவர்களுக்கு உரிமையில்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. இது அவர்கள் கையில் கொடுத்த பங்கு.

குழிக்கரையில் வந்ததும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். யாருக்கும் கை வரவில்லை. பாதிப் பேர் அழுதார்கள். அந்த மாதம் உலை வைக்க வேறு அரிசி எல்லார் வீட்டிலும் இருந்தது என்று நினைக்க வேண்டாம். கன்னியம்மா முதலில் ஒரு பிடி எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மன்னிச்சுக்கோ தாயே" என்று சொல்லிக் குழிக்குள் போட்டார். பிறகு மூட்டையைக் கவிழ்த்தார். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் கவிழ்த்தார்கள்.

சத்தம் கேட்டு முதலாளி வேலியோரம் வந்து நின்றார். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கத்தினார். "லட்சுமிய மண்ணுல கொட்றீங்களே, நீங்கல்லாம் வெளங்குவீங்களா?"

கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தார். "மண்ணு தாங்கும் முதலாளி. எங்க வயிறுதான் தாங்கல" என்றார்.

அவர் அதற்கு மேல் நிற்கவில்லை. பெண்கள் சுண்ணாம்பைத் தூவி, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து மூடினார்கள். அடுத்த ஆண்டு இவர்களுக்குக் களத்தில் வேலை இருக்குமா என்று தெரியவில்லை. நல்ல நெல் தருவேன் என்று யாரும் சொல்லவும் இல்லை.

டாக்டரம்மா, நீங்கள் கேட்டது ஒரே ஒரு குழி. உயிரோடு இருந்தவரை அதில் ஒரு பிடி நெல்லைக்கூட உங்களால் விழவைக்க முடியவில்லை. இப்போது விழுந்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்க நீங்கள் பக்கத்தில் இல்லை. அந்த ஆத்திரம் எனக்கு ஆறாது, ஆற வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவும் போவதில்லை. போய் வாருங்கள்.